உங்களுக்குத் தெரியுமா? ஊர் வானொலிகளின் ஒரே பெயர்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1974 அக்டோபரில் தொடங்கிய ‘ரேடியோ சிட்டி’ என்னும் தனியார் வானொலி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்நகரின் அடையாளமாக ஒலித்தபின், 2024 ஏப்ரலில் அதன் உரிமையாளரான பாயர் நிறுவனத்தால் ‘ஹிட்ஸ் ரேடியோ’ என்ற நாடளாவிய பெயருக்கு மாற்றப்பட்டது. நியூகாசிலின் ‘மெட்ரோ ரேடியோ’வும் அவ்வாறே பெயரிழந்தது. இது வலைப்பின்னல் ஒலிபரப்பின் விளைவாகும். அதாவது, ஓரிடத்தில் தயாரான நிகழ்ச்சி பல ஊர்களில் ஒரே வேளையில் ஒலிக்க, செய்தியும் விளம்பரமும் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். நாடளாவிய விளம்பரதாரருக்கு ஒரே பெயர் வசதியே எனினும், ஊர்த் தெருக்களை அறிந்த அறிவிப்பாளரை இழப்பது நேயர்களுக்குப் பெரும் இழப்பாகும். உள்ளூர்ச் செய்தியைப் பகல் முழுதும் தரும் நிலையங்கள், வார நாள்களில் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கவேண்டிய குறைந்தபட்ச நேரத்தை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018-இல் 7 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைத்தமை இம்மாற்றத்துக்கு வழி திறந்தது.