ரிவர்ஸ்டன் காற்றில் ஒரு வசனம்

மாத்தளையில் குறும்படம் எடுக்கப் போகிறீர்களா? கமராவைத் தேடுமுன் ரிவர்ஸ்டன் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தோட்டைக்கு மேலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அந்த முகட்டில் இருவர் பேசுவதைப் பதிந்தால், உறையில்லாத மைக்கில் 'தடதட' மட்டுமே விழும்.

பேச்சு, மைக்கினுள் இருக்கும் மெல்லிய சவ்வை மிக நுட்பமாகத்தான் அசைக்கிறது. காற்று மோதிச் சுழலும்போது எழும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் மைக்கைச் சுற்றி ஒரு கூடு பொருத்துகிறார்கள். கூட்டுக்குள் காற்று அசையாமல் நிற்கும். அதன்மேல் நீண்ட மயிருள்ள உறை. ஒவ்வோர் இழையும் ஆடி ஆடிக் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். ஒலி அலை இழைகளினூடே புகுந்து உள்ளே போய்விடும்.

இனி மைக். படப்பிடிப்புகளில் புகழ்பெற்ற சென்ஹெய்சர் எம்.கே.எச். 416 பள்ளிக்கூட அடிமட்டத்தைவிடச் சற்றுக் குட்டை: 25 சென்ரிமீற்றர். அதன் குழாய் நெடுகிலும் துளைகள். முன்னாலிருந்து வரும் ஒலி எல்லா வழியாகவும் ஒன்றுசேர்ந்து சவ்வை அடையும். பக்கத்து ஒலியோ ஒவ்வொரு துளை வழியாகவும் வெவ்வேறு தூரம் ஓடி, முன்பின்னாக வந்து சேரும். ஓர் அலையின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழியும். பற்றரியோ கணினியோ இல்லாமல், குழாயின் வடிவமே செய்கிற வேலை இது! ஆனால் அலை, குழாயைவிட நீளமானால் இந்த வித்தை பலிக்காது. நொடிக்கு ஏறத்தாழ 1,400 அதிர்வுகளுக்குக் கீழே குழாய் கைவிடத் தொடங்கும். ஆகவே பக்கத்து மரத்துச் சில்வண்டின் கீச்சொலி அடங்கும். ஏ-9 வீதியில் போகும் லொறியின் உறுமல் அடங்காது. லயன் அறைக்குள்ளும் இது சரிவராது. சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் குரல் குழாயைக் குழப்பிவிடும். அங்கே குழாயில்லாத குட்டை மைக்கே நல்லது.

மலைமூட்டம் இன்னொரு சோதனை. வழமையான கண்டென்சர் மைக்கில் சவ்வுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே மின்னூட்டம் தேங்கி நிற்க வேண்டும். ஈரம் படிந்தால் அது கசியும். பதிவில் சரசரப்பு கேட்கும். 416-இல் மின்னூட்டத்தைத் தேக்குவதற்குப் பதிலாக, வானொலி அலைபோல் மிக வேகமாக அதிரும் மின்சாரத்தைச் செலுத்தி, சவ்வின் அசைவை அதன் மாற்றத்தில் அளக்கிறார்கள். சிறு கசிவு அதை அவ்வளவாகப் பாதிக்காது. மூட்டத்தில் படம் எடுப்பவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.



இப்படி வெளியில் படமெடுப்பது இன்று சாதாரணம்; 1956-இல் வெளியான 'ரேகாவ' படத்துக்காக இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ஸ்டூடியோவை விட்டு வெளியே போனது பெரும் துணிச்சல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1951-இல்தான் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி, சாவி கொடுத்தால் ஓடும் நாக்ரா ரெக்கோடரை சுவிட்சர்லாந்தில் உருவாக்கியிருந்தார். இன்று சூம் எஃப்6 போன்ற சிறு கருவியில் ஒவ்வொரு மைக்குக்கும் இரண்டு எண்மாற்றிகள், அதாவது ஒலியை எண்களாக்கும் சில்லுகள், இருக்கின்றன. ஒன்று மெல்லிய ஒலிக்கு, மற்றது பேரொலிக்கு. '32 பிட் ஃப்ளோட்' எனும் இம்முறையில், மாத்தளை முத்துமாரியம்மன் தேர் வீதியில் ஒரு கிசுகிசுப்பும் அடுத்த நொடி அதிரும் தவிலும் ஒரே பதிவில் கெடாமல் தங்கும். மைக்கே தாங்காத சத்தத்தை மட்டும் எந்த ரெக்கோடரும் மீட்காது.

இத்தனை கருவிகளையும் மிஞ்சுவது தூரம். மைக்கை வாய்க்குப் பாதித் தூரத்தில் கொண்டுவந்தால், திறந்த வெளியில் குரலின் வலு நான்கு மடங்காகும். அதைச் செய்பவர், நுனியில் மைக்கைத் தாங்கும் நீண்ட பூம் கம்பைப் பிடித்து நிற்பவர். பணம் போதாவிட்டால் மலிவான ரெக்கோடரை எடுங்கள். காற்றுக்கூட்டிலும் பூம் பிடிப்பவரின் சம்பளத்திலும் கை வைக்காதீர்கள்.