தெரியாததைத் தனித்து நிறுத்தல்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதையாகிய பாஸ்கராச்சாரியர், தமது 'பீஜகணிதம்' என்னும் நூலில் ஒரு கணக்கை அமைத்துள்ளார். ஒருவனிடம் 300 நாணயங்களும் ஆறு குதிரைகளும் உள்ளன. மற்றொருவனிடம் அதே விலையுள்ள பத்துக் குதிரைகள் உள்ளன. ஆனால் அவனுக்கு 100 நாணயம் கடன் உண்டு. இருவர் செல்வமும் சமமெனில், ஒரு குதிரையின் விலை யாது?

தெரியாத விலையை 'வி' என்று குறிப்போமாயின், கணக்கு இவ்வாறு அமையும்:

6வி + 300 = 10வி − 100

சமன்பாடு என்பது சமநிலையில் நிற்கும் தராசு போன்றது. ஒரு தட்டில் செய்வதையே மறு தட்டிலும் செய்தால் முள் அசையாது. இரு புறமும் 100 கூட்டினால், 6வி + 400 = 10வி ஆகும். இரு புறமும் 6வி-யைக் கழித்தால், 400 = 4வி. இரு புறத்தையும் நான்கால் வகுக்க, வி = 100. விடையைப் பொருத்திப் பார்ப்போம்: முதல்வனுக்கு 600 + 300, அதாவது 900, மற்றவனுக்கு 1,000 − 100, அதுவும் 900. ஆகவே விடை சரியே.

'மறுபுறம் சென்றால் குறி மாறும்' என்று மாணவர் பலர் மனப்பாடம் செய்கின்றனர். உண்மையில் எந்த எண்ணும் எங்கும் செல்வதில்லை. −100 வலப்புறத்தில் மறைந்து இடப்புறத்தில் +100 ஆகத் தோன்றுவது, இரு புறமும் 100 கூட்டியதன் விளைவேயாகும். இக்காரணத்தை அறிந்தவர் விதியை மறந்தாலும் வழி தவறமாட்டார்.

இம்முறை நம் நாட்டில் மிகப் பழமையானது. கி.பி. 499-ஐ ஒட்டிய ஆரியபட்டரின் நூலில், கூட்டலைக் கழித்தலாகவும் பெருக்கலை வகுத்தலாகவும் மாற்றிப் பின்னோக்கிச் செல்லும் 'விலோம' முறை கூறப்பட்டுள்ளது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இத்தகைய சமன்பாடுகளுக்குப் பொதுவிதி வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜபர்' என்னும் சொல்லே, ஐரோப்பிய மொழிகளில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று.

பின்னோக்கிச் செல்லுங்கால் வரிசை முக்கியமானது. சட்டையின்மேல் கோட்டு அணிந்தவர், முதலில் கோட்டையே களைதல் வேண்டும். அன்றாட வாழ்வில் இதற்கோர் உதாரணம் வெப்பமானியாகும். செல்சியஸ் அளவை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, 32 கூட்டினால் பாரன்ஹீட் அளவு கிடைக்கும். செல்சியஸைத் தனித்து நிறுத்த வேண்டுமாயின், கடைசியாகக் கூட்டிய 32-ஐ முதலில் கழித்து, பின்னரே ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தல் வேண்டும்.

காய்ச்சலுற்ற ஒரு குழந்தையின் வெப்பநிலை 104 பாரன்ஹீட் எனக் கொள்வோம். 104-இல் 32 போக 72. அதனை ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்க 40 செல்சியஸ். இது கடுங்காய்ச்சல். வரிசையை மாற்றி, 32-ஐக் கடைசியில் கழிப்பவருக்கோ ஏறத்தாழ 25.8 என்னும் விடையே கிடைக்கும். கொதிக்கும் உடல், இயல்பான 37 பாகையினும் வெகுவாகக் குளிர்ந்திருப்பதாக அக்கணக்குப் பொய்யுரைக்கும்!

மற்றுமோர் எச்சரிக்கையும் தேவை. 5க = 3க என்னும் சமன்பாட்டில் இரு புறத்தையும் 'க'-வால் வகுத்தால், 5 = 3 என்னும் அபத்தம் விளையும். இங்கு 'க' பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தல் கணிதத்தில் இல்லை. 3க-வை இரு புறமும் கழித்தால், 2க = 0 என வந்து உண்மை விளங்கும்.

எனவே ஒவ்வொரு படியிலும் இரு புறமும் ஒன்றையே செய்க. கடைசியில் சேர்ந்ததை முதலில் நீக்குக. விடையைத் தொடக்கச் சமன்பாட்டிலேயே இட்டுச் சரிபார்க்க. இம்மூன்றும் கைவந்தால், மின்னோட்டமாயினும் வட்டிக் கணக்காயினும், சூத்திரத்தில் ஒளிந்திருக்கும் கணியத்தை எவரும் வெளிக்கொணரலாம்.