முதலில் மேட்டைத் தூக்கிப் பாருங்கள்

லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் ஒரு பழைய கார் விலைக்கு வந்திருக்கிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதைத்தான். மதுரையிலோ சேலத்திலோ அது நியாயமான கேள்வி. லிட்டில் அந்தமானில் அந்த எண்ணை நம்பி விலை பேசினால் ஏமாந்துபோவோம். தீவின் பெரும்பகுதி ஓங்கே பழங்குடியினருக்கான காப்புப் பகுதி. மற்றவர்களுக்கு இருக்கும் சாலை, கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே போகும் ஒரு துண்டுதான். ஜெட்டியிலிருந்து பட்லர் பே கடற்கரைக்கு 14 கிலோமீட்டர்; அதைத் தாண்டிப் போனாலும் சீக்கிரமே ரோடு முடிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் பத்து வருடம் ஓடிய வண்டியின் மீட்டரும் குறைவாகத்தான் காட்டும். அதற்காக வண்டி புதுசு என்று சொல்லிவிட முடியாது.

சொல்லப்போனால் குறைந்த ஓட்டமே இங்கே ஒரு கெடுதல். வண்டியை எடுத்து ஐந்து கிலோமீட்டரில் நிறுத்திவிட்டால் இன்ஜின் சரியாகச் சூடாவதில்லை. சைலன்ஸருக்குள் சேரும் தண்ணீர் ஆவியாகி வெளியேறாமல் அங்கேயே நின்று தகட்டைத் தின்னும். பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறாது. ஏ.சி.யின் ஈரம் காயாது. வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் வண்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 75 சதவீதத்துக்குக் குறைவதில்லை. இந்த 75 என்ற எண்ணைக் கவனியுங்கள். காற்றின் ஈரம் ஏறக்குறைய அந்த அளவைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அடைமழையில் சமையலறை உப்பு ஜாடி நீர்த்துப்போவது இதனால்தான். கடல்நீரில் இருக்கும் மெக்னீசியம் உப்புகளுக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. ஆக, கடற்கரைக்குப் போய்வந்த கால்களோடு காருக்குள் ஏறிய உப்பு, தரையில் விரித்த மேட்டுக்கு அடியில் இரவும் பகலும் ஈரப் படலமாகவே இருக்கிறது. இரும்புத் தரைக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

அதனால்தான் ஹட் பேயில் காரின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வதை அழகு வேலையாக நினைக்கக் கூடாது என்கிறேன். வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை அது. அந்த வேலையைச் சரியாகச் செய்யக் கற்றவருக்குப் பழைய கார் வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: மேட்டைத் தூக்குவதில்.

சுத்தம் செய்யும்போது முதலில் மணல், பிறகுதான் தண்ணீர். ஈரத்துணியோடு தொடங்கினால் மணல் சேறாகிக் கார்ப்பெட்டின் நூலுக்குள் இறங்கிவிடும். மேட்டுகளை வெளியே எடுத்துத் தட்டுங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, அதன் தண்டவாளப் பள்ளங்களில் வாக்குவம் போடுங்கள். வாக்குவம் இல்லையென்றால் பழைய பெயிண்ட் பிரஷ் போதும். அதன் பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கார்ப்பெட்டை ஒத்தி ஒத்தி எடுங்கள். ஒருமுறை போதாது, துணியை அலசிவிட்டு இன்னொரு முறை. தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு காயாது. துணியோடு வெளியே வந்தால்தான் உண்டு. கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதுவே சிறந்தது.

இனி முக்கியமான இடம். கார்ப்பெட்டுக்கு அடியில் பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு இருக்கும். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி தெரியும். அடியில் அழுத்தினால் தண்ணீர் கசியும். கதவுப் படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றிவிட்டுக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, நான்கு கதவையும் திறந்துவைத்து, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். வெயில் அடிக்கும் மாதங்களில் இதை ஒருமுறை முழுசாகச் செய்துவிட்டால் வரும் மழைக்காலத்தைத் தைரியமாகத் தாண்டலாம். ஒரு எச்சரிக்கை: சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்புகள் தெரிந்தால் அவற்றைக் கழற்றவோ இழுக்கவோ வேண்டாம். அவை ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் போகிறவை. அந்தப் பக்கம் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவதும் கூடாது.

முன்சீட்டில் இடப்பக்க மேட் மட்டும் திரும்பத் திரும்ப நனைகிறதா? மழையைத் திட்டுவதற்கு முன் ஏ.சி.யைப் பாருங்கள். ஏ.சி.யின் குளிர்ந்த பாகத்தில் சேரும் தண்ணீர் ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அழுக்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டிக்குள்ளேயே வழியும். ஏ.சி. ஓடும்போது வண்டிக்குக் கீழே சொட்டு விழுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஏ.சி. போட்டதும் ஈரச்சாக்கு வாடை அடித்தால் பல வண்டிகளில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரை மாற்றுங்கள். வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ.சி. பொத்தானை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். காசு செலவில்லாத இந்தப் பழக்கம் எந்த வாசனைத் திரவியத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

பூஞ்சணம் ஸ்டீயரிங்கிலும் சீட் பெல்ட்டிலும் சீட்டின் அடிப்பக்கத்திலும் முதலில் தெரியும். அதைக் காய்ந்த துணியால் தட்டினால் வித்துகள் வண்டி முழுக்கப் பரவும். கதவுகளைத் திறந்துவைத்து, மூக்கை மூடிக்கொண்டு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள். கொஞ்சநேரம் விட்டு நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்துக் காயவிடுங்கள். பிளீச்சிங் வேண்டாம். துணி வெளுக்கும், உலோகம் அரிக்கும். வினிகரோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். சீட் பெல்ட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் மட்டுமே. பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். பிளீச்சிங்கும் கடுமையான ரசாயனமும் பெல்ட்டின் இழைகளை வலுவிழக்கச் செய்யும். உயிரைத் தாங்க வேண்டிய பட்டை அது.

மீன் வாடையைப் பற்றிச் சொல்லாமல் ஹட் பேயில் கார் சுத்தம் பற்றிப் பேச முடியாது. டிக்கியில் மீன் பையைப் போட்டு, தண்ணீர் கசிந்து, மூன்று நாள் கழித்துத் தெரியவந்தால் பலரும் சமையல் சோடாவைத் தூவுகிறார்கள். மீனின் முடை வாடைக்குப் பெரும்பாலும் காரணம் டிரைமெத்திலமீன் என்ற பொருள். அது காரத் தன்மை உடையது, சோடாவும் காரம். காரத்தைக் காரம் அடக்காது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ பட்டால்தான் அது ஆவியாகாத உப்பாக மாறும். பிறகு தண்ணீரால் ஒத்தி எடுத்துவிடலாம். நம் வீட்டில் மீன் கழுவிய கைக்கு எலுமிச்சை தேய்ப்பதும் இதே கணக்குதான். சோடாவை வாந்தி பட்ட இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் புளித்த வாடைக்கு அது உதவும்.

டேஷ்போர்டுக்கு ஈரத்துணி போதும். பளபளப்புக்குப் பூசும் சிலிக்கான் பாலிஷ் கண்ணாடியில் பிரதிபலித்து வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும்.

இப்போது பழைய கார் வாங்கும் பேச்சுக்கு வருவோம். ஹட் பேயில் கிடைக்கும் வண்டி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது) கப்பல்கள் வரும் பெரிய துறைமுகங்கள் சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தா. மூன்றுமே புயலும் வெள்ளமும் பார்த்த ஊர்கள். சென்னையில் 2015 டிசம்பரில் கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து கார்கள் வரிசையாக அடித்துச் செல்லப்பட்டதை நாடே காணொளியில் பார்த்தது. வெள்ளத்தில் போன வண்டியைச் சரிசெய்யும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் கொடுத்துவிடும். வண்டி ஏலத்தில் போகும். அப்படிப் போன வண்டிகளில் சில கழுவி, பெயிண்ட் அடிக்கப்பட்டு, வெள்ளம் பாராத தூரத்து ஊரில் மறுபடி விலைக்கு வரும். கடலுக்கு அப்பால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் ஊர் அதற்கு வசதியான இடம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறையோ தண்ணீர் நின்ற கோடோ இருந்தால் வண்டிக்குள் வெள்ளம் ஏறியிருக்க வாய்ப்புண்டு. சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள், சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்குகள், பிரேக் பெடலின் மேல்பகுதி ஆகியவற்றில் டார்ச் அடித்துத் துருவைத் தேடுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அது உட்காரும் குழியைப் பாருங்கள். எட்டு வருட வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி. போட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். மறைத்த வாடை வெளியே வரும். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பெரும்பாலும் முன்சீட்டுகளுக்கு நடுவே தரையோடு இருக்கிறது. தண்ணீர் பார்த்த வண்டியில் அது என்றைக்குச் செயலிழக்கும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது. அதனால் என் முடிவு இதுதான்: வெள்ளம் பார்த்த கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

தீவிலேயே ஓடிய வண்டியென்றால் கவனம் கீழே போக வேண்டும். கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் அடைத்திருக்கின்றனவா, ஜாக்கி வைக்கும் இடம் விரலால் அழுத்தினால் உதிர்கிறதா, பிரேக் குழாய்கள் அரித்திருக்கின்றனவா, சைலன்ஸர் ஓட்டையா என்று வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சின்ன ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். துருவும் புட்டியும் மந்தமாக ஒலிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஓட்டம் குறைந்த ஊரில் டயரின் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டுப்போயிருக்கும். எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போவது செலவே அல்ல. பெரிய வேலை வந்தால் வண்டியோடு போர்ட் பிளேருக்குக் கப்பலேற வேண்டிய ஊர் இது.

காகிதங்களில் முதலில் ஆர்.சி. அதிலுள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுக் காப்பீடு, கடன் அடமானம் பற்றிய விவரங்களைப் பாருங்கள். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் தேவை. வேறு மாநிலப் பதிவு வண்டியென்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு தகுதிச் சோதனையோடு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதை விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரு வரி நிறையச் சொல்லும்: இழப்பீடு கேட்காததற்கான சலுகை. முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 வரை ஏறும் அது, ஒரே உரிமையாளரிடம் இருந்த ஐந்து வயது வண்டியில் பூஜ்யமாக இருந்தால், முந்தைய ஆண்டில் இழப்பீடு வாங்கினார்களா, பாலிசி விட்டுப்போயிற்றா என்று கேளுங்கள். அந்தச் சலுகை விற்பவருக்கு உரியது. வண்டியோடு உங்களுக்கு வராது. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். ஒரே பிரதேசத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். சிறிய ஊரில் தெரிந்தவரிடம் வாங்கும்போது, "அப்புறம் மாத்திக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படிவங்களில் கையெழுத்து வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள், ஆர்.சி. உங்கள் பெயருக்கு வரும்வரை ஒரு பகுதித் தொகையைக் கையில் நிறுத்திவைத்து, அதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.