நதியிடம் கேள்வி கேட்ட பாடகர்

2011-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, மும்பை அந்தேரியில் உள்ள ஒரு மருத்துவமனையில் 85 வயதுப் பாடகர் ஒருவர் காலமானார். மும்பை வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அஸ்ஸாம் மாநிலமே கண்ணீர் வடித்தது. கௌஹாத்தியில் அஞ்சலிக்கு வந்த கூட்டம் ஓயாததால், 8-ந் தேதி நடக்க இருந்த இறுதிச் சடங்கை 9-ந் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள்.

அவர்தான் பூபேன் ஹஜாரிகா. பாட்டு எழுதியவரும் அவரே; மெட்டு அமைத்தவரும் அவரே; பாடியவரும் அவரே. 2026-ம் ஆண்டு அவருடைய நூற்றாண்டு.

பிழைப்பைத் தேடி வேற்று மாநிலத்துக்கு வந்து, தாய்மொழியை மட்டும் விடாமல் காப்பாற்றி வரும் நமக்கு, இந்த மனிதரின் கதையில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

பத்து வயதில் இசைத்தட்டு

1926 செப்டம்பர் 8-ந் தேதி, அஸ்ஸாமின் கிழக்குக் கோடியில் உள்ள சதியாவில் பிறந்தார். பத்துக் குழந்தைகளில் மூத்தவர். முதல் இசைப் பாடம் தாயாரின் தாலாட்டு. குடும்பம் தேஜ்பூருக்குக் குடிபெயர்ந்தபோது, அஸ்ஸாமின் முதல் பேசும் படத்தை எடுத்த ஜோதி பிரசாத் அகர்வாலாவும், கலைஞர் விஷ்ணு பிரசாத் ராபாவும் சிறுவனின் குரலைக் கேட்டு வியந்தார்கள். 1936-ல் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று இசைத்தட்டுக்குப் பாட வைத்தார்கள். 1939-ல் ‘இந்திரமாலதி’ படத்தில் பாடியபோது அவருக்கு வயது 12-தான்.

பாட்டு வந்துவிட்டதே என்று படிப்பை விட்டுவிடவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத்தில் 1946-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதியோர் கல்விக்குப் படமும் ஒலியும் எப்படி உதவும் என்பதை ஆராய்ந்து 1952-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

நீக்ரோ பாடகர் தந்த பொறி

பட்டத்தைவிடப் பெரியதாக அங்கே ஒன்று கிடைத்தது. பால் ராப்சன் என்ற மாபெரும் கறுப்பினப் பாடகரின் அறிமுகம்தான் அது. இனக்கொடுமையை எதிர்த்துப் பேசியதற்காக 1950-ல் அமெரிக்க அரசாங்கம் ராப்சனின் பாஸ்போர்ட்டையே பறித்து வைத்திருந்த காலம் அது. மிசிசிப்பி நதிக்கரையில் மூட்டை சுமக்கும் கறுப்புத் தொழிலாளியின் வேதனையைச் சொல்லும் பாட்டு ராப்சனின் குரலில் உலகப் புகழ் பெற்றிருந்தது. மனிதன் படும் பாட்டைக் கண்டும் காணாமல் நதி தன் போக்கில் போகிறது என்பது அதன் கருத்து.

ஹஜாரிகா அந்தப் பொறியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஆனால் அப்படியே பெயர்த்து எழுதவில்லை. பிரம்மபுத்திராவை அஸ்ஸாமியர் ‘லூயித்’ என்று செல்லமாக அழைப்பார்கள். அந்த நதியையே நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டார். கரையிலே இத்தனை பேர் கதறும்போது உனக்கு மட்டும் எப்படி ஓட மனம் வருகிறது என்று அதட்டினார். ராப்சனின் பாட்டில் இருந்தது பெருமூச்சு. ஹஜாரிகாவின் பாட்டில் இருந்தது கோபம்.

அந்தப் பாட்டு பின்னர் வங்காளத்துக்கும் இந்திக்கும் போனபோது, லூயித் கங்கையாக மாறியது. நதியின் பெயர் மாறியது, கேள்வி மாறவில்லை.

கலவரத்தில் ஒரு பாட்டு

1960-ல் அஸ்ஸாமில் ஆட்சிமொழிப் பிரச்சினை வெடித்தது. அஸ்ஸாமியருக்கும் வங்காளிகளுக்கும் இடையே கலவரம் மூண்டது. வீடுகள் எரிந்தன. வங்காளிகள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு ஓடினார்கள்.

அந்த நேரத்தில் தம் மொழிக்காரர்களின் கைதட்டலை வாங்குவது ஹஜாரிகாவுக்குச் சுலபம். அவர் அதைச் செய்யவில்லை. வங்காளிக் கவிஞரும் பாடகருமான ஹேமாங்க விஸ்வாஸுடன் கைகோத்து, கலைக்குழுவோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். ஹாராதன் என்ற வங்காளிக் குடியானவனும், ரங்மன் என்ற அஸ்ஸாமியக் குடியானவனும் தங்கள் துயரத்தைச் சொல்லிக்கொள்வதுபோல் அமைந்த பாட்டை இருவரும் பாடினார்கள். ஒருவர் வங்காளியில், மற்றவர் அஸ்ஸாமியில். கலவரத்தில் நஷ்டப்பட்டது இரு தரப்பு ஏழைகளும்தான் என்பதைக் கேட்டவர்கள் உணர்ந்தார்கள்.

மொழிப் பூசல் கிளம்பும்போது வேற்று மாநிலத்தில் குடியிருப்பவன் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை நமக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட இரவில், எதிர்த் தரப்பிலிருந்து ஒரு குரல் நமக்காக எழுந்தால் எவ்வளவு ஆறுதல்! அந்தக் குரலாக இருந்தார் ஹஜாரிகா.

வெளியூர் வாசம்

கௌஹாத்திப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த ஆசிரியர் வேலையில் அவர் நிலைக்கவில்லை. கல்கத்தாவிலும் பிறகு மும்பையிலுமாக வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஆனால் மெட்டுகள் பிகு ஆட்டத்திலிருந்தும், தேயிலைத் தோட்டத்திலிருந்தும், படகுத் துறையிலிருந்தும்தான் வந்தன. பல்லக்குத் தூக்கிகளைப் பற்றிய அவருடைய பாட்டின் தாளம், சுமையோடு மேடேறுகிறவர்களின் மூச்சு வாங்குவதைப் போலவே இருக்கும்.

‘சமேலி மேம்சாப்’ படத்தின் இசைக்காக 1975-ம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. 1960-களில் ‘மணிராம் தேவான்’ என்ற அஸ்ஸாமியப் படத்துக்காகப் போட்ட ஒரு மெட்டு, 1993-ல் ‘ருடாலி’ மூலம் இந்திக்கு வந்து நாடெங்கும் ஒலித்தது. சொந்த மண்ணின் சரக்கை மாற்றாமலே வெளியூர்ச் சந்தையில் விலைபோக வைத்த சாமர்த்தியம் அது!

அரசியலும் அவரை இழுத்தது. 1967-ல் சுயேச்சையாக நின்று சட்டசபைக்குப் போனார். 2004-ல் பாரதிய ஜனதா வேட்பாளராகக் கௌஹாத்தித் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். இடதுசாரி மேடைகளில் பாடியவர் இப்படிச் செய்தாரே என்று பழைய ரசிகர்கள் பலர் வருந்தினார்கள். ஆனால் ஓட்டுப் போட மறுத்தவர்களும் அவர் பாட்டைக் கேட்பதை நிறுத்தவில்லை.

தாதாசாகிப் பால்கே விருது 1992-க்கு உரியதாகக் கிடைத்தது. பாரத ரத்னா 2019-ல், அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. ஆனால் அவருக்குப் பொருத்தமான மரியாதை வேறொன்று. சதியாவை நாட்டின் பிற பகுதியோடு இணைக்க, லோகித் நதியின்மேல் 9.15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய பாலம் 2017-ல் திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

இரு கரை மக்களையும் பாட்டால் இணைத்தவரின் பெயர், பாலத்துக்குப் பொருந்தாமல் வேறு எதற்குப் பொருந்தும்?