அடிபடவே இல்லை, ஆனாலும் ரத்தக்கட்டு... கார்ட்னர் - டைமண்ட் சிண்ட்ரோம் என்றால் என்ன?

“எங்கேயும் இடிச்சுக்கல, கீழே விழல. ஆனா தொடையில உள்ளங்கை அகலத்துக்குக் கன்னிப்போயிருக்கு.” இப்படிச் சொன்னால் வீட்டில் எத்தனை பேர் நம்புவார்கள்? மிக அரிதாகச் சிலருக்கு இது நிஜமாகவே நடக்கிறது. பெரும்பாலும் பெண்களுக்கு.

அமெரிக்க மருத்துவர்கள் ஃபிராங்க் கார்ட்னர், லூயிஸ் டைமண்ட் இருவரும் 1955-ல் இப்படிப்பட்ட 4 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்களையே கொஞ்சம் எடுத்து, ஊசி மூலம் தோலுக்குள் செலுத்திப் பார்த்தபோது அந்த இடமும் கன்றிப்போனது. சொந்த ரத்தமே உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இருவரும் கருதினார்கள்.

இதில் மனசுக்கு என்ன வேலை? பின்னாளில் ஆஸ்கர் ராட்னாஃப், டேவிட் ஏகிள் என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளிடம் விரிவாகப் பேசிப் பார்த்தார்கள். பலருக்கும் கடுமையான மன உளைச்சலை ஒட்டியே ரத்தக்கட்டு வந்திருந்தது. அது எப்படித் தோலில் போய் முடிகிறது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை.

சாதாரணமாக அடிபட்டால் வரும் ரத்தக்கட்டிலிருந்து இது ஒரு விஷயத்தில் மாறுபடும். இதில் முதலில் வருவது வலி. சுருக்கென்ற எரிச்சல் அல்லது அரிப்பு, பிறகு சிவந்து வீங்கும், ஒரு நாளுக்குள் நீலமாகிவிடும். ஓரிரு வாரங்களில் மறையும், திரும்பவும் வரும்.

தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம் எல்லாம் நார்மல். சிக்கலே அங்கேதான். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் “நீயே ஏதாவது பண்ணிக்கிறியா?” என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை மருத்துவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்பதையும் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். எடுத்தவுடன் “எல்லாம் டென்ஷன்” என்று முத்திரை குத்தினால், உள்ளே இருக்கும் ரத்தப் புற்றுநோயோ குடும்ப வன்முறையோ கண்ணில் படாமலே போகலாம். மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பெயருக்கு வர வேண்டும். தோல் பரிசோதனையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிவு தராது.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சிலருக்குக் கைகொடுத்திருக்கின்றன.

காரணமே தெரியாமல் அடிக்கடி ரத்தக்கட்டு வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல், ஈறில் ரத்தக்கசிவு என்று சேர்ந்து வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் தடம் மறைந்துவிடலாம் என்பதால், தேதியோடு போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.