உப்புக்காற்றும் பழைய ரைபிளும்

வாலிநோக்கத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. மன்னார் வளைகுடாவை ஒட்டிய இந்த ஊரில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் விரிந்து கிடக்கின்றன. காற்றிலும் உப்பு, காலடி மண்ணிலும் உப்பு. சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, மண்வெட்டி என்று எதுவும் தப்பாது. மண்வெட்டியில் பூத்த துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம். நூறாண்டு பழைய ரைபிளுக்கு அதே வைத்தியம் பார்த்தால், துருவோடு அதன் வரலாறும் தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இந்தக் கவலை இராமநாதபுரம் சீமைக்குப் புதிதல்ல. கிழவன் சேதுபதி காலத்து அரண்மனையான இராமலிங்க விலாசம் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அங்குள்ள வாளும் ஈட்டியும் இதே கடற்கரைக் காற்றைத் தாங்கி நிற்பவைதான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. எஸ். பரமசிவன் அங்கே பழைய உலோகப் பொருள்களை அறிவியல் முறையில் காக்கும் வேலையை முன்னெடுத்தார்.

நம் நாட்டில் பழைய படைத்துப்பாக்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ‘த்ரீ நாட் த்ரீ’. லீ-என்ஃபீல்டு வகை ரைபிளான இது வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலும் உருவானது. இரண்டு உலகப் போர்களைக் கண்டது. பிறகு காவலர் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் அதற்கு விடைகொடுத்தது. மேலைநாடுகளில் படை கழித்த ரைபிள்களைச் சேகரிப்போர் விலைக்கு வாங்குகிறார்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அதனால் இங்கே அவற்றைத் துடைத்துக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் அருங்காட்சியகங்களுக்கும் படைப்பிரிவுகளுக்கும் உரியது.

இத்தகைய ரைபிள் குழலின் கருநீல நிறம் சாயம் அல்ல. ‘புளூயிங்’ என்பது துருவைக் கொண்டே துருவைத் தடுக்கும் வித்தை. செந்துரு பொருக்குப் பொருக்காக உதிரும்; ஈரத்தை உள்ளே இழுக்கும். அதே இரும்பும் ஆக்சிஜனும் வேறு விகிதத்தில் சேர்ந்தால் கறுப்பு ஆக்சைடு ஆகி, எஃகோடு இறுகப் பற்றிக்கொள்ளும். இந்தப் படலத்தின் தடிமன் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சும் பரவியது. சிலவற்றுக்கு அதன்மேல் கறுப்புப் பெயின்டும் அடித்தார்கள்.

பித்தளைக் குத்துவிளக்கைப் பளிச்சிட வைக்கும் புளியும் எலுமிச்சையும் இங்கே பகை. அமிலம் செந்துருவைக் கரைக்கும்போது கறுப்புப் படலத்தையும் சேர்த்தே கரைத்துவிடும். கடைகளில் விற்கும் துருநீக்கிகளில் பலவும் அமிலம்தான். உப்புத்தாளோ தொழிற்சாலை முத்திரை, ஆண்டு, வரிசை எண் எல்லாவற்றையும் மழித்துவிடும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகே மற்ற வேலை. விரல் வியர்வையிலும் உப்பு இருப்பதால் கையுறை வேண்டும். கிடங்கில் பூசிய கெட்டிக் கிரீஸ் இறுகியிருந்தால், மண்ணெண்ணெய் நனைத்த துணியால், நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் துடைக்கலாம். பெயின்ட் பூசிய துப்பாக்கியில் தின்னர் படவே கூடாது. எதையும் முதலில் மரக்கட்டை மறைக்கும் பகுதியில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

செந்துரு பிடித்த இடத்தில் மெல்லிய எண்ணெய் தடவி ஓரிரு நாள் விட்டுவிடவேண்டும். பிறகு நான்கு சுழியம் போட்ட மிக மென்மையான ஸ்டீல் உல்லை எண்ணெயில் தோய்த்து, அழுத்தாமல் வருடினால் துரு தளரும். பிடிவாதமான புள்ளிகளைச் செப்புக்காசின் விளிம்பால் சுரண்டலாம். எஃகைவிடச் செம்பு மென்மையானது. கறுப்பு நிறம் துணியில் இறங்கத் தொடங்கினால் அந்த இடத்தில் கை நின்றுவிடவேண்டும். துரு தின்ற குழிகளை யாராலும் நிரப்ப முடியாது. அவை அங்கேயே இருக்கட்டும்.

குழலின் உட்புறம் தனிக் கதை. பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. அளத்து உப்பைப் போலவே ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். அதனால்தான் பிரிட்டிஷ் படைவீரர்கள் சுட்டு முடித்ததும் கொதிநீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் போட்டார்கள். வாலிநோக்கம் போன்ற கரையோரத்தில் உவர்ப்பான கிணற்று நீர் இதற்கு உதவாது. காய்ச்சி வடித்த நீர் தேவை.

கடைசியில் மெல்லிய கனிம எண்ணெய் ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் சிக்குப் பிடித்துக் கெட்டுவிடும். காட்சிக்கு மட்டும் வைப்பவற்றுக்கு அருங்காட்சியகங்கள் நுண்படிக மெழுகு பூசுகின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் உருவான மெழுகு இன்றும் பயனில் இருக்கிறது. தோல் உறை ஈரத்தைத் தேக்கி வைக்கும் என்பதால், உறைக்குள் வைத்து மூடாமல் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியே மேல்.

ஒரு மாதம் கழித்து வெள்ளைப் பருத்தித்துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்துப் பார்க்கவேண்டும். பழுப்பாக வந்தால் உள்ளே இன்னும் உப்பு இருக்கிறது. மறுபடி அடுப்பில் தண்ணீர் ஏற்றவேண்டியதுதான்.