உங்களுக்குத் தெரியுமா? ஷோகேஸில் நிற்கும் மெர்லோ

● வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். திருவனந்தபுரத்தில் பல வீடுகளுக்கு மெர்லோ என்ற சிவப்பு ஒயின் வந்து சேர்வது இந்தக் கணக்கில்தான். கல்ஃபிலிருந்து வரும் மாமாவோ சித்தப்பாவோ டியூட்டி ஃப்ரீயில் ஒன்று வாங்கி வருவார். குடிக்கவும் மனம் வராது, யாருக்காவது கொடுக்கவும் மனம் வராது. ஹால் ஷோகேஸில், பீங்கான் யானைக்குப் பக்கத்தில், ஜன்னல் வெயில் விழும்படி அது நிற்கும். “இருக்கட்டும், ஒயின் பழசானால்தானே ருசி” என்பார்கள். எந்த ஒயின், எங்கே வைத்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

● உலகில் விற்பனையாகும் ஒயினில் மிகப் பெரும் பங்கு சீக்கிரமே குடிப்பதற்கென்று செய்தது. சாதாரண விலை மெர்லோ, லேபிளில் உள்ள ஆண்டிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் காலியாகிவிட வேண்டும். பிரான்ஸில் பொமெரோல் வட்டாரத்தின் உயர்ந்த ரகங்கள் இருபது, முப்பது ஆண்டு தாங்கும். லேபிள் ஆண்டு என்பது திராட்சை பறித்த ஆண்டு. கடைக்கு வரும்போதே பாட்டிலுக்கு ஒன்றிரண்டு வயது ஆகியிருக்கும்.

● வயதாக ஆகச் சிவப்பு ஒயின் வெளுக்கும், வெள்ளை ஒயின் கறுக்கும். மெர்லோவின் வயதைப் பார்க்க ஒரு வெள்ளைத் தாள் போதும். கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, தாளுக்கு மேலே சாய்த்துப் பிடித்து, ஒயின் மெல்லியதாகப் பரவும் விளிம்பைப் பாருங்கள். நாவற்பழ ஊதா தெரிந்தால் இளசு. மாதுளை முத்தின் சிவப்பானால் நடுவயது. செங்கல் நிறமும் அதற்கு வெளியே ஆரஞ்சு வளையமும் வந்துவிட்டால் நன்றாகவே மூத்துவிட்டது. காபி டிகாக்‌ஷன் பழுப்புக்குப் போயிருந்தால் கதை முடிந்தது.

● பழைய பாட்டிலின் அடியில் கறுப்பாகப் படிந்திருப்பது அழுக்கில்லை. திராட்சைத் தோலில் இருந்து வந்த நிறப்பொருளான ஆந்தோசயனினும், துவர்ப்பைத் தரும் டானினும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய மூலக்கூறுகளாகி, கனம் தாங்காமல் கீழே உட்கார்ந்தவை. நிறம் வெளுப்பதற்கும் இளம் ஒயினின் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அடங்குவதற்கும் காரணம் இந்தக் கூட்டணியே. கேபர்நே சொவிஞோன் ரகத்தோடு ஒப்பிட்டால் மெர்லோவில் டானின் குறைவு. அதனால் சீக்கிரம் மிருதுவாகிவிடும், சீக்கிரம் ஓய்ந்தும்விடும். மண்டி படிந்த பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டு, ஆட்டாமல் மெதுவாகக் கண்ணாடிக் கூஜாவில் வடித்துக்கொள்ள வேண்டும். கடைசி ஒரு விரற்கடையைக் கொட்டிவிடுங்கள்.

● மணமும் மாறும். இளம் மெர்லோவில் பிளம், செர்ரி. இந்தப் பழ மணத்தில் ஒரு பகுதியைத் தருபவை எஸ்டர்கள். அவை மெல்ல உடைந்து போக, அத்திப்பழ வற்றல், புகையிலை, தோல் செருப்பு, காளான், மழை நனைத்த மண் என்று வேறொரு வரிசை தலைகாட்டும். இதற்கென்று உயிரைக் கொடுப்பவர்கள் உண்டு. பழச்சாறு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

● ஒயினை முதிர வைப்பதில் காற்றுக்குப் பங்குண்டு என்று காட்டியவர் லூயி பாஸ்டர். கண்ணாடிக் குழாய்களில் ஒயினை அடைத்து உருக்கி மூடினார்: சிலவற்றில் முழுக்க ஒயின், சிலவற்றில் பாதி ஒயின், பாதி காற்று. காற்றிருந்த குழாய்களில் நிறம் மங்கி மண்டி படிந்தது. நிறைந்தவை அப்படியே இருந்தன. 1866-இல் அவர் வெளியிட்ட ஒயின் ஆய்வு நூலில் இது இருக்கிறது. நல்ல தக்கை ஆண்டுக்கு மிகச் சொற்ப ஆக்சிஜனையே உள்ளே விடும். அந்தச் சொற்பம்தான் முதிர்ச்சி. கூடினால் வினிகர்.

● இனி நம் ஊருக்கு வருவோம். ஒயினுக்கு உகந்த வெப்பம் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ். திருவனந்தபுரத்தில் பகல் 31, 32. இரவிலும் பெரும்பாலும் 23-க்கு மேல்தான். பத்து டிகிரி கூடினால் ரசாயன வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பள்ளிப் பாடம். அந்தக் கணக்கில் ஷோகேஸ் பாட்டிலுக்கு ஓர் ஆண்டு என்பது நிலவறைப் பாட்டிலின் ஏறக்குறைய மூன்று ஆண்டு. அப்படியானால் சீக்கிரமே ருசியான முதுமை வந்துவிடுமே என்று கேட்கலாம். வராது. எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகம் பிடிப்பதில்லை. பழ மணம் முதலில் ஓடிவிடும், வேகவைத்த ஜாம் வாடை வந்து உட்காரும்.

இன்னொன்றும் நடக்கும். 750 மில்லி ஒயின் 13 டிகிரியிலிருந்து 31-க்குச் சூடானால் மூன்று, நான்கு மில்லி விரியும். பாட்டில் கழுத்தில் உள்ள காலியிடமே ஒரு சில மில்லிதான். பகலில் தக்கையைத் தள்ளும், இரவில் காற்றை உள்ளிழுக்கும். தக்கை லேசாக மேலெழுந்திருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாட்டிலை அலங்காரத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஆறுதல் ஈரப்பதம். தக்கை உலராமலிருக்க 70 சதவீதம் வேண்டும் என்பார்கள். அதைத் திருவனந்தபுரம் இலவசமாகவே தருகிறது. லேபிளில் பூஞ்சை பூப்பது அதற்கான விலை. ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லாதவர்கள் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்கவைத்துச் சில மாதங்களில் முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

● பூமிக்கடியில் வைத்து முதிரவிடும் யோசனை பிரான்ஸின் போர்தோக்காரர்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. மண்ணில் புதைத்துப் பக்குவப்படுத்திய தேறல் என்னும் மதுவைப் பற்றிக் கபிலர் புறநானூற்றில் சொல்கிறார். மூங்கில் குழாயில் விளைய வைத்த தேறலும் சங்கப் பாடல்களில் வருகிறது. ஓக் பீப்பாய் இல்லாத ஊரில் மூங்கில்!

● அதே புறநானூற்றில், யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்துவதை நக்கீரர் பாடியிருக்கிறார். அந்த மது வந்த பாத்திரங்களின் சில்லுகள் கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில் பட்டணம் கிராமத்தில் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. 2007-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில் இயங்கும் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம். ஆம்ஃபோரா என்ற இந்த இருகாது ஜாடிகளுக்கு உள்ளே பிசின் பூசுவார்கள். சில ஓடுகளில் கறுப்பு மணல் மினுங்கும். வெசூவியஸ் எரிமலை உள்ள, இத்தாலியின் கம்பானியா பகுதியின் அடையாளம் அது. ரோமானியர் தலையில் வைத்துக் கொண்டாடிய ஃபலெர்னிய ஒயினும் கம்பானியாவைச் சேர்ந்ததே.

ரோமானியருக்கும் பழசின் மேல் மோகம் உண்டு. பொ.ஆ.மு. 121-ஆம் ஆண்டு விளைச்சல் அவர்களிடையே பெரும் புகழ் பெற்றது. ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதும்போதும் அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கரகரப்பான தேன் போலக் கெட்டியாகிவிட்டது என்கிறார். பேருக்காக மற்ற ஒயினில் துளி கலப்பார்களாம்.

● வெயிலில் கெடாத ஒயின் ஒன்று உண்டு. மதேரா தீவின் ஒயினைப் பீப்பாயில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வந்த கப்பல்கள், விற்காததைத் திருப்பிக் கொண்டுபோனபோது ருசி கூடியிருந்ததாம். பூமத்திய ரேகையைப் பலமுறை கடந்த சூடும் ஆட்டமும் செய்த வேலை. பிறகு வேண்டுமென்றே அலையவிட்டார்கள். இப்போது கப்பல் தேவையில்லை. தொட்டியில் 45 முதல் 50 டிகிரியில் குறைந்தது மூன்று மாதம் காய்ச்சுகிறார்கள். ஷோகேஸில்தான் வைப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் சித்தப்பாவிடம் மதேரா கேட்கலாம்.

● மெர்லோ விண்வெளிக்கும் போய்வந்தது. பொமெரோலின் பேத்ரூஸ் தோட்டத்து ஒயின், கிட்டத்தட்ட முழுக்க மெர்லோ. அதன் 2000-ஆம் ஆண்டுப் பாட்டில்கள் 12, நவம்பர் 2019-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று ஜனவரி 2021-இல் திரும்பின. போர்தோவில் 12 பேர், எது எங்கிருந்தது என்று தெரியாமல் சுவைத்தார்கள். பூமியில் இருந்ததைவிட விண்ணில் இருந்தது ஓரிரு ஆண்டு மூத்ததுபோல் இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். ஒன்றிரண்டு பாட்டிலை வைத்துக்கொண்டு அறிவியல் பேசக் கூடாதுதான். ஆனால் அதில் ஒன்றுக்குச் சுமார் பத்து லட்சம் டாலர் மதிப்புப் போட்டு விற்பனைக்கு வைத்தது கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம்.

● சிலி நாட்டுக்காரர்கள் பல தலைமுறையாக மெர்லோ என்று நினைத்துப் பயிரிட்டதில் பெரும்பகுதி மெர்லோவே இல்லை. அது கார்மெனேர் என்ற, பிரான்ஸில் அழிந்ததாகக் கருதப்பட்ட ரகம் என்று 1994-இல் கண்டுபிடித்தவர் திராட்சை ஆய்வாளர் ழான் மிஷேல் புர்ஸிகோ. மெர்லோவின் தாய்க்கொடி எதுவென்று 2009-இல் டி.என்.ஏ. மூலம் சொன்ன குழுவிலும் அவர் இருந்தார்.

● வருடக்கணக்கெல்லாம் கள்ளுக்குக் கிடையாது. மரத்தில் வடியும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இனிப்பு, மாலைக்குள் வீரியம், மறுநாள் ‘மூத்த கள்’, அதற்கும் மேல் மீன் குழம்புக்குப் போகும் சொருக்கா, அதாவது வினிகர். மெர்லோ பத்தாண்டில் நடக்கும் தூரத்தைக் கள் ஒன்றரை நாளில் ஓடிவிடுகிறது.

● ‘பழசானால் வீரியம்’ என்ற சொல் நம்மூரில் உண்மையாகப் பொருந்துவது ஆயுர்வேத அரிஷ்டத்துக்கு. இப்படிப் புளிக்கவைத்த ஆசவங்கள் பழமையேறினால் குணம் கூடும் என்கிறது சார்ங்கதர சம்ஹிதை. திராட்சாரிஷ்டத்துக்கு உலர்திராட்சைக் கஷாயம், வெல்லம், புளிக்க வைக்கத் தாதகிப் பூ. உள்ளே நெய் தடவிய பானையில் ஊற்றி, வாயைச் சீலைமண் செய்து, தானியக் குவியலிலோ மண்ணிலோ ஒரு மாதம் புதைப்பார்கள். சீரான வெப்பம், இருட்டு, காற்றுத் தடை: நிலவறை செய்யும் வேலை மூன்றும் ஒரு பானைக்குள் முடிந்துவிட்டது. 1889 முதல் ஆயுர்வேதக் கல்லூரி நடத்தும் ஊர் திருவனந்தபுரம். இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை.

● கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பரணியில் போடும் ஒயினை அடுத்த கிறிஸ்துமஸ் வரை வைக்காதீர்கள். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு 21 நாளில் வடிகட்டி, இன்னொரு 21 நாள் தெளிய விடுவது வழக்கம். மெர்லோவைப் போலன்றி, இந்தத் திராட்சையில் துவர்ப்போ புளிப்போ போதுமான அளவு இல்லை. மூக்கும் நாக்கும் மகிழ்வது முதல் சில மாதங்களில்தான். சட்டத்தையும் மறக்க வேண்டாம்: உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது அப்காரிச் சட்டப்படி குற்றம். கேரளத்துப் பழங்களில் ஒயின் செய்யச் சிறு ஆலைகளுக்கு வழிவிட்டு 2022-இல் தனி விதிகள் வந்திருக்கின்றன.

● அரைப் பாட்டில், அதாவது 375 மில்லி, பெரிய பாட்டிலைவிடச் சீக்கிரம் முதிரும். தக்கை வழி வரும் காற்று கிட்டத்தட்ட அதே அளவு, ஒயின் மட்டும் பாதி. ஒன்றரை லிட்டர் மேக்னம் மெதுவாக முதிரும்; ஏலத்தில் அதற்கு மவுசு அதனால்தான்.

● திறந்துவிட்ட மெர்லோ, தக்கையிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். மிகப் பழைய பாட்டிலென்றால் சில மணி நேரத்தில் மணம் பறந்துவிடும், அன்றே முடிக்க வேண்டும். ஐந்தாம் நாள் மிச்சமிருப்பதில் இறைச்சியை ஊறவைத்து வறுத்துப் பாருங்கள். கேரளத்தில் மது வாங்க 23 வயது நிறைந்திருக்க வேண்டும். வறுவலுக்கு அந்த வரம்பு இல்லை.